நீச்சல் குளச் சீரமைப்பு: எங்கே எதைப் போட்டு நிரப்புவது? முழுமையான வழிகாட்டி

பழைய நீச்சல் குளத்தைப் புதுப்பிக்க இறங்கினால், எங்காவது ஓர் இடத்தை நிரப்ப வேண்டி வந்தே தீரும். ஆழமான பக்கத்தை மேடாக்கி ஆழத்தைக் குறைப்போம். கசிகிற குழாயை மாற்றச் சுவரோரம் தோண்டிய பள்ளத்தை மூடுவோம். உள்வாங்கிப்போன நடைதளத்தைப் பெயர்த்துவிட்டு அடியிலிருந்து புதிதாகப் போடுவோம். பழைய தொட்டியை எடுத்துவிட்டு ஃபைபர் தொட்டி இறக்கினால், அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி நிற்கும். இந்த எல்லா இடத்துக்கும் "மண் அடித்து மூடிவிடலாம்" என்று ஒரே பதில் சொல்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் அந்தப் பதில் சுவரில் விரிசலாகவும் சாய்ந்த நடைதளமாகவும் வெளியே தெரியும்.

எதைப் போட்டு நிரப்புவது என்பது முதலில் தண்ணீரைப் பற்றிய முடிவு. எடை, செலவு, எது எளிதில் கிடைக்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். குளத்துக்கு உள்ளே இருக்கும் தண்ணீர், வெளியே மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர், மழை பெய்தால் மேலிருந்து இறங்கும் தண்ணீர் ஆகிய மூன்றும் நீங்கள் போடுகிற பொருளை ஒரு நாள் கட்டாயம் தொடும். அப்போது அந்தப் பொருள் ஊதுமா, கரையுமா, இடம் பெயருமா, இல்லை சும்மா இருக்குமா? சும்மா இருக்கும் பொருள்தான் நமக்கு வேண்டும்.

முதல் படி: நிரப்ப வேண்டிய இடத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒரே குளத்தில் நான்கு வகையான இடம் இருக்கலாம். தொட்டிக்கு உள்ளே, அதாவது பழைய தளத்துக்கும் புதிய தளத்துக்கும் நடுவே. தொட்டிச் சுவருக்கு வெளியே. நடைதளத்துக்கு அடியில். குழாய் ஓடும் பள்ளத்தில். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. உள்ளே போடுவது மேலே வரும் கான்கிரீட்டையும் தண்ணீரையும் தாங்க வேண்டும். அதோடு தன் வழியே நீரையும் விட வேண்டும். வெளியே போடுவது சுவரைத் தள்ளக் கூடாது, நீரைத் தேக்கவும் கூடாது. நடைதளத்துக்கு அடியில் போடுவது கெட்டிப்பட்டு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். குழாயைச் சுற்றிப் போடுவது மென்மையாக இருந்தால் போதும், கூர்மையான கல் கூடாது.

ஒரு தாளில் குளத்தை நீளவாக்கில் வெட்டியது மாதிரி படம் போட்டு, இந்த இடங்களைத் தனித்தனியாக நிழலிட்டுக் காட்டுங்கள். ஒப்பந்ததாரரிடம் பேசும்போது அந்தப் படம் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது படி: வெளியே நிற்கும் தண்ணீரை அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகவே கூடாது. குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை, உள்ளே இருக்கும் நீரின் எடை தளத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலைக்காகக் குளத்தைக் காலி செய்த அன்று அந்த எடை போய்விடுகிறது. நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் அடியைவிட உயரமாக இருந்தால், அது தளத்தைக் கீழிருந்து தூக்கத் தொடங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ. தளத்தின் அடியிலிருந்து 360 மி.மீ. உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றாலே அது கொடுக்கும் மேல்நோக்கிய அழுத்தம் இந்த எடைக்குச் சமமாகிவிடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன். சுவர்களின் எடையும் தளத்தில் உள்ள கம்பியும் ஓரளவு தாங்கிப் பிடிக்கும் என்றாலும், அதை மட்டும் நம்பிக் குளத்தைக் காலி செய்வது ஆபத்து. ஃபைபர் தொட்டி இன்னும் இலேசு, ஒரே இரவில் மேலே எழும்பிவிடும்.

எனவே குளத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, குளத்தின் ஆழத்துக்குச் சமமாக ஒரு சோதனைக் குழி போடுங்கள். ஆள் இறங்கும் குழி வேண்டாம், ஆகர் என்னும் மண் துளைக்கும் கருவியால் துளைத்தாலே போதும். ஆழக் குழியில் பக்க மண் சரிந்து ஆளை மூடிவிடும். துளைக்குள் ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றை இறக்கி வைத்து, மறுநாள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மழைக்காலம் முடிந்த உடனே பார்ப்பது நல்லது, நீர்மட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கோடையில் வறண்ட குழியைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

குழியில் தண்ணீர் வந்தால், நீர் தானாக வடிகிற பொருளை மட்டுமே யோசியுங்கள். தளத்தில் அழுத்தம் விடும் வால்வு (வெளி நீரின் அழுத்தம் கூடினால் திறந்து அதை உள்ளே விடுவது) இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்பதையும் குளத்தைக் காலி செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது படி: இருக்கிற மண் எப்படிப்பட்டது?

தோண்டி எடுத்த மண்ணையே திரும்பப் போடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அதற்கு ஒரு கண்ணாடி ஜாடி போதும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், துளி சோப்புத் தூள். நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீரில் கலங்கலாக மிதந்து மெதுவாக இறங்குவது களி. களி அடுக்கு கனமாக இருந்தால் அந்த மண் சுவரோரத்துக்கு ஆகாது.

களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல் மண் இதில் மிக மோசம். ஊதும்போது சுவரை உள்பக்கமாகத் தள்ளும், சுருங்கும்போது நடைதளத்துக்கு அடியில் வெற்றிடம் விடும். வருடா வருடம் இந்தத் தள்ளலும் விடலும் நடந்தால் எந்தப் பூச்சும் தாங்காது. மணற்பாங்கான செம்மண், சரளை கலந்த மண் என்றால் சல்லடையில் கல்லும் வேரும் நீக்கிவிட்டு நடைதளத்துக்கு அடியில் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம். சரி, இனி பொருள்களுக்கு வருவோம்.

உடைத்த ஜல்லி

பெரும்பாலான இடங்களுக்கு என் முதல் தேர்வு 20 மி.மீ. உடைத்த ஜல்லி, தூள் இல்லாமல் சலித்தது. அதன் கூரான முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் கொட்டும்போதே பெருமளவு இறுகி நின்றுவிடுகிறது. அதன்பிறகு அமுங்கும் அளவு குறைவு. கற்களுக்கு நடுவே ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம் இருப்பதால் நீர் தேங்காமல் இறங்கும். நனைந்தாலும் காய்ந்தாலும் அதன் அளவு மாறாது. நிலத்தடி நீர் ஏறி இறங்கினாலும் அது இருந்த இடத்தில் இருக்கும்.

இதன் குறை ஒன்றே ஒன்று. அந்த வெற்றிடத்துக்குள் பக்கத்து மண் நுழைந்துவிடும். மழை நீர் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மண் துகள் ஜல்லிக்குள் போய்ச் சேர, வெளியே உள்ள தரை உள்வாங்கும். ஜல்லியும் அடைத்துக்கொண்டு நீர் விடாமல் ஆகிவிடும். இதைத் தடுக்க ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிக்க வேண்டும். துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 300 மி.மீ. ஏறி இருக்கட்டும். துணியின் விலையைப் பார்த்து அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். துணி இல்லாமல் சுத்தமான ஜல்லி போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

உருண்டைக் கூழாங்கல்லும் நீர் விடும். குறுகலான இடுக்கில் தானாக உருண்டு போய் நிரம்பும் என்பதால் ஃபைபர் தொட்டியின் வளைவுகளுக்குப் பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அது ஒன்றையொன்று கவ்வாது. பின்னாளில் பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டினால் அப்படியே சரிந்து வெளியே கொட்டும். வளைவுக்கு உடைத்த ஜல்லியில் சின்ன அளவை, 6 முதல் 10 மி.மீ. வரை உள்ளதை, எடுத்துக்கொண்டால் இரண்டு பயனும் கிடைக்கும்.

மணல், எம் சாண்ட், கிரஷர் தூள்

மணலைப் பற்றி நிறையப் பேருக்கு நல்ல எண்ணம். நிரப்ப எளிது, மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும். நீர் இல்லாத, நான்கு பக்கமும் அடைபட்ட இடத்தில் மணல் உண்மையிலேயே நன்றாகத் தாங்கும். ஓடும் நீர் வந்துவிட்டால் கதை வேறு. தொட்டியில் மயிரிழை விரிசல் அல்லது குழாய் மூட்டில் சொட்டு சொட்டாகக் கசிவு இருந்தால் போதும், நீரோடு மணலும் நகர்ந்து போய்விடும். மேலே ஒன்றும் தெரியாது. திடீரென ஒரு நாள் தளம் இறங்கும். ஃபைபர் தொட்டிக்கு வெளியே போட்ட மணல் நீரில் ஊறினால் கூழாகிச் சுவரை உள்பக்கம் தள்ளும். குளத்தைக் காலி செய்யும் நேரத்தில்தான் அந்த வீக்கம் கண்ணில் படும்.

இன்னொரு விஷயம், மணல் வாங்கும்போது ஏமாறாமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டியது. இலேசாக ஈரம் பட்ட மணல் 20 முதல் 30 சதவீதம்வரை உப்பி நிற்கும். அதன்மேல் நீர் ஊற்றினால் அப்படியே சடாரென இறங்கிவிடும். ஈர மணலைக் கொட்டி மட்டம் பார்த்துத் தளம் போட்டால், அடுத்த மழையில் அது தன் உண்மையான அளவுக்கு இறங்கும். தளம் அந்தரத்தில் நிற்கும்.

கடல் மணல் கண்டிப்பாக வேண்டாம். அதிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

கிரஷர் தூளையும் தூள் கலந்த ஜல்லியையும் நடைதளத்துக்கு அடியில் போடலாம். கொஞ்சம் ஈரப்படுத்தித் திமிசு (இடித்து இறுக்கும் கருவி) போட்டால் கல் மாதிரி இறுகும். நீரை எளிதில் விடாது என்பதால் சுவரோரத்துக்கும் தொட்டிக்கு உள்ளேயும் அது பொருந்தாது.

இடிபாடு

பழைய நடைதளத்தையும் சுற்றுச் சுவரையும் உடைத்த குப்பை அங்கேயே மலைபோல் கிடக்கும். அதை ஆழமான பக்கத்தில் தள்ளி மூடிவிட்டால் லாரிச் செலவு மிச்சம் என்று தோன்றும். நான் பார்த்த ஒரு குளத்தில் அப்படித்தான் செய்திருந்தார்கள். தளத்தில் ஓரிடம் சாய்ந்து பூச்சு விட்டுப்போனதும் வெட்டிப் பார்த்தார்கள். மேலே நல்ல கான்கிரீட். அதன் அடியில் கை நுழையும் அளவு காலியிடம். அதற்கும் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த பாளங்கள், நடுவில் மக்கிப்போன சென்ட்ரிங் பலகைத் துண்டுகள், சிமெண்ட் மூட்டைச் சாக்கு. பலகை மக்க மக்க மேலே இருந்த மண் அந்த இடத்துக்கு இறங்கியிருக்கிறது.

பெரிய பாளங்களுக்கு நடுவே உள்ள பொந்துகளை எந்தத் திமிசாலும் மூட முடியாது. மரம் மக்கும், கறையானையும் கூட்டிவரும். இடிபாட்டில் ஜிப்சம் பூச்சு, ஜிப்சம் பலகைத் துண்டு இருந்தால் அதிலுள்ள சல்பேட் ஈரத்தில் கரைந்து புதிய கான்கிரீட்டை அரிக்கும். இயந்திரத்தில் அரைத்து, கம்பி, மரம், ஜிப்சம் நீக்கி, 75 மி.மீ.க்குள் சலித்த பழைய கான்கிரீட் என்றால் நடைதளத்தின் கீழ் அடுக்குக்குப் போடலாம். வேறு எந்த வடிவிலும் வேண்டாம்.

சிமெண்ட் கலந்த நிரப்பு

திமிசு நுழைய முடியாத இடுக்கில் ஊற்றி நிரப்பும் கலவை உதவும். சிமெண்ட் கொஞ்சம், மணல் நிறைய, எரிசாம்பல், தண்ணீர் சேர்த்துக் கூழ் பதத்தில் ஊற்றுவார்கள். தானாகவே மட்டமாகி இறுகிவிடும், திமிசு தேவையில்லை. நசுங்காமல் தாங்கும் இதன் உறுதி 8.3 மெகாபாஸ்கலுக்குள் (மெகாபாஸ்கல் என்பது அழுத்த அலகு) இருக்கும் என்பது வரையறை. பின்னாளில் குழாய்க்காகத் தோண்ட வேண்டி வரலாம் என்றால் 2 மெகாபாஸ்கலுக்கும் கீழே வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாறையைக் குடைவதுபோல் குடைய வேண்டியிருக்கும்.

ஊற்றும்போது அது திரவம் என்பதை மறக்கக் கூடாது. தண்ணீரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கனமான திரவம். ஒரே மூச்சில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் சுவரைத் தள்ளிவிடும், ஃபைபர் தொட்டியைத் தூக்கிவிடும். 300 மி.மீ. ஊற்றி, இறுகவிட்டு, அடுத்த அடுக்கை ஊற்ற வேண்டும். அது நீரையும் வடிய விடாது என்பதால் நிலத்தடி நீர் ஏறும் இடத்தில் சுற்றிலும் இதையே ஊற்றிவிடக் கூடாது. வடிகாலுக்குத் தனி வழி வேண்டும்.

வினைல் விரிப்புக் குளங்களில் விரிப்புக்கு அடியில் உள்ள தளத்தைச் சீராக்க வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகளும் சிமெண்டும் கலந்த கலவையைச் சுமார் 50 மி.மீ. கனத்துக்குப் போடுவது வழக்கம். காலுக்கு மெத்தென்று இருக்கும், விரிப்பையும் கிழிக்காது. வெறும் மணல் தளத்தைவிட இது பல மடங்கு மேல். மணலில் கால் தடம் கூடப் பள்ளமாக நின்றுவிடும்.

தெர்மாகோல் பாளம்

அடிமண் மிக மென்மையாக இருந்து எடை ஏற்றக் கூடாது என்று பொறியாளர் சொன்னால், கட்டடப் பணிக்கென்று தயாரிக்கும் அடர்த்தியான தெர்மாகோல் பாளங்களை அடுக்குவார்கள். ஒரு கன மீட்டர் 20 கிலோ அளவில்தான் இருக்கும். அதே காரணத்தால், நீர் சூழ்ந்தால் ஒவ்வொரு கன மீட்டரும் ஏறக்குறைய 980 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். பெட்ரோல் பட்டால் கரையும். உயர்த்திக் கட்டும் நடைதளத்துக்குச் சரி. நீர்மட்டத்துக்குக் கீழே போகும் தொட்டிக்குள் வேண்டாம்.

நான்காவது படி: ஆழத்தைக் குறைக்கும் முறை

இதுதான் வேலைகளிலேயே பெரியது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெளியே நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு குளத்தைக் காலி செய்யுங்கள். புதிய தளம் சுவரைச் சேரும் இடத்தில் பழைய டைல்ஸையும் பூச்சையும் நல்ல கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். அடியில் உள்ள பழைய உறிஞ்சு வாயை அப்படியே புதைத்துவிடக் கூடாது. குழாயை நீட்டிப் புதிய தள மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது முறையாக அடைத்துவிட்டுப் புதிதாக இரண்டு வாய்கள் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியும், உடலோ தலைமுடியோ சிக்காத பாதுகாப்பு மூடியும் கட்டாயம். ஒரே வாய் மட்டும் இருந்தால், அதன்மேல் ஒருவர் உடல் படிந்ததும் மொத்த உறிஞ்சு விசையும் அவரைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் உயிர் போயிருக்கிறது.

அடுத்து, பழைய தளத்தில் துளைகள் போடுவது. புதிய தளத்தில் என்றாவது கசிவு வந்தால் அந்த நீர் இரண்டு தளத்துக்கும் நடுவே அடைபட்டு நிற்கும்; பிறகு குளத்தைக் காலி செய்யும் நாளில் அது புதிய தளத்தைத் தூக்கும். பழைய தளத்தில் பல இடங்களில் துளை இருந்தால் நீர் கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீர் மேலே வரும் இடமாக இருந்தால் அதே துளைகள் வழியாக நீர் உள்ளேயும் வரும். அதற்காகப் புதிய தளத்தில் அழுத்தம் விடும் வால்வும், ஜல்லிக்குள் இறங்கி நடைதளம்வரை எழும் ஓட்டைக் குழாய் ஒன்றும் வையுங்கள். அந்தக் குழாய்க்குள் மோட்டார் இறக்கி எப்போது வேண்டுமானாலும் நீரை வெளியேற்றலாம். துளையின் அளவையும் எண்ணிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளர்தான் தீர்மானிக்க வேண்டும்.

துளைகளின்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 20 மி.மீ. ஜல்லியை 300 மி.மீ. அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் பிளேட் காம்பேக்டரால் (அதிரும் தகடு கொண்ட இறுக்கும் இயந்திரம்) இறுக்குங்கள். மேல்மட்டம் வந்ததும் மறுபடி துணி அல்லது கனமான பாலித்தீன் தாள். இதை விட்டுவிட்டால் கான்கிரீட்டின் பால் முழுவதும் ஜல்லிக்குள் வடிந்து தளத்தின் அடிப்பகுதி வெறும் கல்லாக நிற்கும். அதன்மேல் கம்பி கட்டி, சுவரில் துளையிட்டு எபாக்ஸி பசை வைத்து இறுக்கிய கம்பிகளோடு இணைத்து, புதிய தளம்.

ஆழம் குறைந்ததும் டைவிங் பலகையைக் கழற்றிவிடுங்கள். சுவரில் உள்ள ஆழக் குறிகளை அழித்துப் புதிதாக எழுதுங்கள். பழைய ஆழத்தை நம்பித் தலைகீழாகக் குதிப்பவரின் கழுத்தெலும்பு முறியும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

ஐந்தாவது படி: சுவருக்கு வெளியே

ஃபைபர் தொட்டி என்றால் தயாரிப்பாளர் சொன்ன பொருளை மட்டும் போடுங்கள். சிலர் ஜல்லி கேட்பார்கள், சிலர் சிமெண்ட் கலந்த மணல். மாற்றிப் போட்டால் உத்தரவாதமும் போய்விடும். உள்ளே நீரும் வெளியே நிரப்பும் ஒன்றாக ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவே 300 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். படிக்கட்டு, இருக்கை போன்றவற்றின் அடியில் உள்ள பொந்தைக் கையால் திணித்து நிரப்புங்கள். அங்கே இடைவெளி விட்டால் மிதிக்கும்போதெல்லாம் தொட்டி அசையும்.

கான்கிரீட் தொட்டிக்கு வெளியே ஜல்லியைச் சுவரோரம் குறைந்தது 300 மி.மீ. அகலத்துக்கு, துணி சுற்றிப் போடுங்கள். அடியில் ஓட்டைக் குழாய் பதித்து நீர் வெளியேற வழி கொடுங்கள். மேற்பகுதி 300 மி.மீ. மட்டும் நீர் இறங்காத இறுகிய மண்ணாக இருக்கலாம். மழைநீர் நேராகச் சுவரடிக்குப் போகாது. குளத்தில் நீர் இல்லாதபோது கனமான இயந்திரம் சுவரருகே வரக் கூடாது. சுவரிலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குக் கைத் திமிசுதான்.

குழாய்ப் பள்ளத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாயின் அடியிலும் மேலும் 100 மி.மீ. சலித்த மணல் அல்லது சின்ன ஜல்லி, அதன்மேல் மற்றது. மூடுவதற்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டு மானி இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆறாவது படி: எவ்வளவு வேண்டும்?

ஓர் உதாரணம். ஆழமான பக்கம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். இப்போது ஆழம் 2.4 மீட்டர், வேண்டியது 1.5. புதிய தளம் 150 மி.மீ. அப்படியானால் ஜல்லியின் உயரம் 2.4 - 1.5 - 0.15 = 0.75 மீட்டர். இதில் 3 மீட்டர் நீளம் சமதளம்: 3 × 4 × 0.75 = 9 கன மீட்டர். மீதி 2 மீட்டர் சரிவு, அங்கே உயரம் 0.75-இல் தொடங்கிச் சுழியத்தில் முடிகிறது. எனவே பாதி: 2 × 4 × 0.75 ÷ 2 = 3 கன மீட்டர். மொத்தம் 12. ஜல்லி இறுகும் அளவுக்கு 10 முதல் 15 சதவீதம் கூட்டி 13.5 என்று சொல்லுங்கள். மண்ணாக இருந்தால் 25 சதவீதம்வரை கூட்ட வேண்டியிருக்கும்.

எடையையும் பாருங்கள். முன்பு அந்த 12 கன மீட்டரில் 12 டன் நீர் இருந்தது. இப்போது 18 டன்னுக்கு மேல் ஜல்லி. கெட்டியான தரைக்கு இது ஒரு பொருட்டில்லை. குளமே நிரப்பிய மண்ணின்மேல் கட்டியிருந்தால், பழைய தளம் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புதிய தளத்தையும் சேர்த்தால் நீரின் கொள்ளளவு சுமார் 15,000 லிட்டர் குறைகிறது. அதற்கேற்ப குளோரின் அளவையும் குறைக்க வேண்டும்.

ஏழாவது படி: லோடு வந்ததும்

லாரியைக் கொட்டவிடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு வாளி நீரில் ஒரு மண்வெட்டி ஜல்லியைப் போட்டுக் கலக்குங்கள். நீர் சேறாகக் கலங்கினால் அது சலித்த ஜல்லி இல்லை, திருப்பி அனுப்புங்கள். அப்புறம் 10 லிட்டர் வாளி நிறைய ஜல்லி போட்டு, விளிம்புவரை நீர் ஊற்றி எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். 4 லிட்டர் அளவில் பிடித்தால் வெற்றிடம் சரியாக இருக்கிறது. 3-க்கும் கீழே என்றால் தூள் கலந்திருக்கிறது. அந்த லோடை நடைதளத்துக்கு ஒதுக்கிக்கொள்ளலாம், தொட்டிக்குள் போடாதீர்கள்.

எட்டாவது படி: இறுக்குவது

மண்ணும் கிரஷர் தூளும் இறுகுவது ஈரத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933-இல் இதைச் சோதனையாகவே வகுத்துக் காட்டினார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் அடர்த்தி உச்சத்துக்குப் போகிறது. அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் இறங்கிவிடும். அந்தச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வர வேண்டும் என்பது இன்றும் வேலைத்தளங்களில் கேட்கிற அளவு. ஆய்வகம் போகாமல் தோராயமாகப் பார்க்க வழி உண்டு. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம், ஒரு நாள் காயவிடுங்கள்.

மண்ணுக்கும் கிரஷர் தூளுக்கும் அடுக்கு 150 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சின்ன காம்பேக்டரின் அதிர்வு அதற்குக் கீழே போய்ச் சேராது. மேல் 150 மி.மீ. கல்லாகி, அடியில் பொலபொலவென்று இருக்கும் மண்தான் நடைதளம் உள்வாங்க முக்கியக் காரணம். ஆட்கள் ஒரே நாளில் முடித்துவிட அரை மீட்டராகக் கொட்டப் பார்ப்பார்கள், பக்கத்தில் நில்லுங்கள். சுவரில் 150 மி.மீ.க்கு ஒரு கோடு என்று சாக்குக்கட்டியால் முன்கூட்டியே போட்டுவைத்தால் வாக்குவாதமே வராது.

நீரைத் தேக்கி மண்ணை இறக்கிவிடலாம் என்பார்கள். கரடுமுரடான மணலுக்கு, அடியில் நீர் வடிய வழி இருந்தால், அது ஓரளவு பலிக்கும். களி கலந்த மண்ணை அது சேறாக்கும். காலியான தொட்டிக்கு வெளியே நீரைத் தேக்குவதோ தொட்டியைத் தூக்கும் விசையை நாமே கொடுப்பதாகும்.

புதிய தளத்தின் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருங்கள். பூச்சு, டைல்ஸ் எல்லாம் அதற்குப் பின்னர்தான். தளம் போடும்போதே நடைதளத்தின் நான்கு மூலைகளின் மட்டத்தைக் குளத்தின் விளிம்பிலிருந்து அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். குளத்தை நிரப்பிய மறுநாள் ஒருமுறையும் முதல் பெருமழை ஓய்ந்ததும் ஒருமுறையும் அதே இடங்களை அளந்து பாருங்கள். ஏதாவது ஒரு மூலை 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், நடைதளத்துக்குக் கல் ஒட்டுவதை அடுத்த பருவம்வரை தள்ளிவைத்துவிட்டு, அந்த மூலைக்கு அடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.